உளவுப் பெண்களின் கதையை அச்சிடும் பதிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பதிப்பாளர்களுக்கும் பதிப்பாசிரியர்களுக்கும்,

வணக்கம்.

இரண்டாம் உலகப் போர்க்கால உளவுப் பெண்களை வைத்து எழுதப்படும் நாவல்களுக்குத் தமிழில் வாசகர்கள் இருக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அண்மையில் வந்த ஒரு நாவலின் பின்னட்டையில் ‘உண்மைச் சம்பவங்களை அடிப்படையாகக் கொண்டது’ என்று போட்டிருந்தது. உள்ளே, போலந்தை இழந்து நாடற்று நிற்கும் ஒரு பெண் பிரிட்டனுக்காக உளவு பார்க்கிறாள். ஜெர்மன் அதிகாரி ஒருவனிடம் மனதைப் பறிகொடுக்கிறாள். அவனுக்காகத் தன் குழுவையே காட்டிக்கொடுக்கிறாள். கடைசியில் லண்டன் விடுதியொன்றில் காதலன் கையால் சாகிறாள். பிறந்த ஊர், குடும்பம், பனிமலை கடந்த பயணம், லண்டன் விடுதி எல்லாம், போர்க்காலத்தில் பிரிட்டனுக்காக உளவு பார்த்த போலந்துப் பெண் கிறிஸ்டினா ஸ்கார்பெக்கின் வாழ்க்கையிலிருந்து எடுத்தவை. அந்த ஜெர்மன் காதலனும் காட்டிக்கொடுத்தலும் மட்டும் அவர் வாழ்க்கையில் இல்லை.

எழுதியவர் பெயரையோ பதிப்பகத்தின் பெயரையோ இங்கே சொல்லப்போவதில்லை. இந்தப் பழக்கம் ஒருவரோடு நிற்பதாக இல்லை. அதனால்தான் உங்கள் எல்லோருக்கும் எழுதுகிறேன்.

கேட்பது இதுதான். வரலாற்றில் வாழ்ந்த ஒருவரை நாயகியாக்கி நாவல் வெளியிட்டால், கடைசியில் இரண்டு பக்கம் ஒதுக்கி, நடந்தது எது, கற்பனை எது என்று சொல்லிவிடுங்கள். அச்சுக்கு அனுப்புமுன் அந்தக் காலத்தை அறிந்த ஒருவரிடம் கைப்பிரதியைப் படிக்கக் கொடுங்கள்.

கிறிஸ்டினா 1908இல் வார்சாவில் பிறந்தவர். தந்தை போலந்துப் பிரபு, தாய் யூத வங்கிக் குடும்பத்துப் பெண். 1939இல் போர் வெடித்தபோது கணவருடன் ஆப்பிரிக்காவில் இருந்தார். நேரே லண்டன் போய், ஹங்கேரி வழியாகப் போலந்துக்குள் நுழைந்து செய்தி கொண்டுவருகிறேன் என்று தானே திட்டம் கொடுத்தார். 1940 பிப்ரவரியில் பனிச்சறுக்கு வீரர் யான் மருசார்ஷின் துணையோடு தாத்ரா மலையைக் கடந்து போலந்துக்குள் போனார். வார்சாவில் தாயைச் சந்தித்து, ஊரை விட்டு வந்துவிடும்படி கெஞ்சினார். தாய் மறுத்துவிட்டார். பின்னர் அவர் ஜெர்மானியர் கையில் மாண்டார்.

புடாபெஸ்ட்டில் கிறிஸ்டினாவுடன் வேலை செய்தவர் ஆந்த்ஷெய் கோவெர்ஸ்கி. போருக்கு முன்பே வேட்டை விபத்தில் ஒரு காலை இழந்தவர். போலந்து வீரர்களைக் காரில் ஏற்றி எல்லை தாண்டவைத்துக்கொண்டிருந்தார். இருவரும் காதலர்கள். 1941 ஜனவரியில் இருவரும் ஒன்றாகப் பிடிபட்டார்கள். கிறிஸ்டினா நாக்கைக் கடித்து, இருமும்போது ரத்தம் வரும்படி செய்தார். இளம் வயதில் கார் நிறுவனமொன்றில் வேலை பார்த்தபோது கீழேயிருந்து வந்த புகையால் நுரையீரலில் வடு விழுந்திருந்தது. எக்ஸ்ரேயில் அது காசநோய் போலத் தெரிய, இருவரையும் விட்டுவிட்டார்கள். காதல் இங்கே உளவுக்கு எதிராக நிற்கவேயில்லை. இருவரும் சேர்ந்து மாட்டினார்கள், சேர்ந்தே தப்பினார்கள்.

பிரிட்டிஷ் தூதர் ஓவன் ஓ’மாலி இருவருக்கும் பிரிட்டிஷ் கடவுச்சீட்டு கொடுத்தார். கிறிஸ்டின் கிரான்வில், ஆண்ட்ரூ கென்னடி என்பவை அப்போது வந்த பெயர்கள். கிறிஸ்டினா தூதரகக் காரின் பின்பெட்டியில் சுருண்டு படுத்து எல்லை கடந்தார். கோவெர்ஸ்கி தன் ஓப்பல் காரை ஓட்டிக்கொண்டு தனியே வந்தார். பெல்கிரேட், சோஃபியா, இஸ்தான்புல் என்று போய்க் கெய்ரோவை அடைந்தார்கள். சோவியத் எல்லையில் ஜெர்மன் படைகள் குவிவதைக் காட்டும் நுண்படச்சுருளை வழியில் சோஃபியாவில் பிரிட்டிஷாரிடம் ஒப்படைத்திருந்தார்கள்.

கெய்ரோவில் அவர்களுக்குக் கிடைத்தது சந்தேகம். இந்த இடத்தில்தான் நம் நாவலாசிரியர்கள் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும்.

இஸ்தான்புல்லிலிருந்து கெய்ரோ போக சிரியாவைக் கடக்கவேண்டும். அப்போது சிரியா, ஜெர்மனிக்கு இணங்கிப்போன விஷி பிரெஞ்சு அரசின் கையில். அங்கே கடந்துபோகும் விசா யாருக்கும் எளிதில் கிடைக்காது. இவர்கள் எப்படியோ பேசி வாங்கிவிட்டார்கள். ஜெர்மானியருக்கு வேண்டியவர்களாக இல்லாவிட்டால் இந்த விசா எப்படிக் கிடைத்திருக்கும் என்று பிரிட்டிஷ் அதிகாரிகள் கேட்டார்கள். கிறிஸ்டினா தொடர்பு வைத்திருந்த மஸ்கெட்டியர்கள் என்ற போலந்து உளவுக்குழுவை, நாடுகடந்த போலந்து அரசின் உளவுத்துறை நம்பவில்லை. இரண்டும் சேர்ந்துகொண்டன. உயிரைப் பணயம் வைத்து ஓராண்டுக்கு மேல் வேலை செய்தவருக்கு, கொஞ்சம் பணம் மட்டும் கொடுத்து வேலை இல்லாமல் உட்காரவைத்தார்கள். 1941 ஜூன் 22இல் ஜெர்மனி சோவியத்தின் மேல் பாய்ந்தபோது அந்த நுண்படம் சொன்னது மெய்யானது. அதற்குப் பிறகும் சந்தேகம் உடனே தீரவில்லை. அவர் மறுபடி எதிரியின் மண்ணில் கால்வைத்தது 1944 ஜூலையில்தான்.

நாடற்றவளின் துன்பம் இதுதான். அவளுக்காகச் சாட்சி சொல்ல ஒரு அரசு கிடையாது. காகிதம் இல்லையென்றால் எல்லையில் பிடிப்பார்கள். காகிதம் இருந்தால் எப்படிக் கிடைத்தது என்று கேட்பார்கள். ஒரு நாவலுக்கு இதைவிட என்ன வேண்டும்? இதையெல்லாம் விட்டுவிட்டு ஜெர்மன் அதிகாரியின் நீலக் கண்களைப் பற்றி ஓர் அத்தியாயம் எழுதியிருக்கிறார்கள்.

1944 ஆகஸ்ட்டில் பிரான்ஸின் தீஞ் ஊரில் நடந்ததும் காகிதம் செய்த வேலைதான். எதிரியின் மண்ணில் ரகசிய வேலை செய்ய ஆள் அனுப்பிய பிரிட்டனின் எஸ்.ஓ.ஈ. அமைப்பைச் சேர்ந்த பிரான்சிஸ் கேமர்ட்ஸ், சான் ஃபீல்டிங் இருவரும், பிரெஞ்சு அதிகாரி சோரென்சனும் ஒரே காரில் வந்து சோதனையில் மாட்டினார்கள். ஒருவரை ஒருவர் தெரியாது என்றார்கள். பைகளைத் துழாவினால் மூவரிடமும் இருந்த பணத்தாள்கள் அடுத்தடுத்த வரிசை எண்களில் இருந்தன. ஒரே கட்டிலிருந்து பிரித்துக் கொடுத்த பணம். அதைக் கலைத்து, கசக்கி, வெவ்வேறு கட்டுகளில் சேர்க்க மறந்ததற்கு விலை மூன்று உயிர்களாக இருந்திருக்கும். கிறிஸ்டினா தானே நேரில் போய், ஷெங்க் என்ற தொடர்பு அதிகாரியிடமும் ஜெர்மன் ரகசியப் போலீஸான கெஸ்டபோவின் மொழிபெயர்ப்பாளர் வாமிடமும் பேசினார். நேசப்படைகள் கரையிறங்கிவிட்டன, இந்த மூவரைக் கொன்றால் உங்கள் கழுத்துக்குக் கயிறு என்று மிரட்டி, அல்ஜியர்ஸிலிருந்து விமானத்தில் போடவைத்த இருபது லட்சம் ஃபிராங்கைக் கொடுத்து மூவரையும் மீட்டார். அவரே அங்கே பிடிபட்டிருந்தால் தப்பியிருக்க மாட்டார். நாவலில் இந்தக் காட்சி, அதிகாரியை மயக்கி மீட்பதாக வருகிறது.

இனி வானொலி. அந்த நாவலில் நாயகி, காதலன் தூங்கும்போது பக்கத்து அறையில் விடியவிடிய செய்தி அனுப்புகிறாள். எஸ்.ஓ.ஈ. கொடுத்த பெட்டிக்கருவி ஏறக்குறைய 15 கிலோ. சூட்கேஸுக்குள் அடங்கும். ஆனால் ஏரியல் கம்பியைச் சுமார் 20 மீட்டர் நீட்டிக் கட்டவேண்டும். ஒவ்வோர் அலைவரிசைக்கும் தனி குவார்ட்ஸ் படிகம். லண்டனோடு பேச முன்பே குறித்த நேரம் உண்டு. மணிக்கணக்கில் அனுப்பினால், ஜெர்மானியரின் கண்காணிப்பு நிலையங்கள் திசையைக் கணித்து நகரைச் சொல்லும், வண்டிகள் தெருவைச் சொல்லும், கோட்டுக்குள் கருவியை மறைத்து நடந்துவருபவன் வீட்டையே சொல்லிவிடுவான். பகுதி பகுதியாக மின்சாரத்தை நிறுத்துவார்கள். எந்தப் பகுதியில் நிறுத்தும்போது சிக்னல் அறுந்ததோ அங்கே தேடல் தொடங்கும். ஆகவே நிமிடக்கணக்கில் முடித்து, பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேறு வீட்டுக்குப் போயாகவேண்டும்.

செய்தியைக் குறியீடாக்குவதும் எளிதல்ல. மனப்பாடமான ஒரு கவிதையிலிருந்து ஐந்து சொற்களை எடுத்து, அவற்றின் எழுத்துகளுக்கு அகரவரிசைப்படி எண் கொடுத்து, அந்த எண்களின் கீழ்ச் செய்தியைக் கட்டம் கட்டமாக எழுதி, நிரல்களை இடம்மாற்றவேண்டும். பிறகு அதையே இன்னொரு முறை. கவிதையின் ஒரு சொல்லில் ஓர் எழுத்துப் பிழைத்தால் லண்டனில் ஒருவராலும் படிக்கமுடியாமல் போகலாம். மறுபடி அனுப்பச் சொன்னால் மறுபடி அலையில் நிற்கவேண்டும், அதாவது மறுபடி ஆபத்து. சித்திரவதையில் கவிதை வெளியே வந்துவிடும் என்பதால் பின்னாளில் குறியீட்டுச் சாவிகளைப் பட்டுத்துணியில் அச்சிட்டுக் கொடுத்தார்கள். உடைக்குள் தைத்தால் தடவிப் பார்க்கும்போது பட்டு சலசலக்காது. பயன்படுத்திய வரியை வெட்டி எரித்துவிடலாம்.

கிறிஸ்டினா பிரான்ஸில் வானொலியில் உட்காரவில்லை. அவர் தூதர், அதாவது ஆளுக்கு ஆள் செய்தி சுமப்பவர். தலைவர், தூதர், வானொலி இயக்குநர் என்று மூன்று வேலையும் பிரிந்தே இருக்கும், ஒருவர் பிடிபட்டாலும் மற்றவர் தப்பவேண்டும் என்பதற்காக. பெண்களைத் தூதராக அனுப்பியதற்கும் காரணம் உண்டு. 1943 பிப்ரவரிக்குப் பிறகு பிரெஞ்சு ஆண்களைக் கட்டாய வேலைக்கு ஜெர்மனிக்கு அனுப்பத் தொடங்கியதால், வேலைசெய்யும் வயதுள்ள ஆண் தெருவில் நடந்தாலே நிறுத்தினார்கள். சைக்கிளில் போகும் பெண்ணை அவ்வளவாக நிறுத்தவில்லை. ஓர் ஒற்றரை மற்ற ஒற்றர் அறியாதபடி ஆள்க, மூவர் சொல் ஒத்தால் நம்புக என்று ஒற்றாடல் அதிகாரத்தில் வள்ளுவர் சொன்னதைப் படித்து வளர்ந்தவர்கள் நாம். ஒரே பெண்ணை மூன்று வேலைக்கும் வைத்து, எல்லா ரகசியத்தையும் அவளிடமே கொடுத்து, பிறகு காதலில் விழவைத்து எல்லாவற்றையும் கக்கவைக்கும் கதையை எந்தப் பதிப்பாசிரியரும் கேள்வி கேட்காமல் விட்டது எப்படி?

வானொலியில் உட்கார்ந்த பெண்ணைத்தான் எழுதவேண்டுமென்றால் நூர் இனாயத் கான் இருக்கிறார். திப்பு சுல்தானின் வழிவந்தவர், 1940இல் பாரிஸை விட்டு ஓடிவந்தவர். 1943 ஜூனில் பிரான்ஸில் இறங்கிய சில நாட்களிலேயே அவர் சேரவேண்டிய குழு உடைந்தது. திரும்பிவிடு என்றபோது மறுத்து, இடம் மாறி மாறி அக்டோபர் வரை அனுப்பினார். பிடிபட்டபோது பழைய செய்திகளை எழுதிவைத்த நோட்டும் சிக்கியது. அதை வைத்து ஜெர்மானியர் அவர் பெயரில் லண்டனோடு பேசினார்கள். லண்டன் நம்பியது. அடுத்து அனுப்பப்பட்டவர்கள் ஜெர்மானியர் காத்திருந்த இடத்திலேயே பாராசூட்டில் இறங்கினார்கள். 1944 செப்டம்பர் 13 அன்று டாக்கவ் முகாமில் நூரைச் சுட்டுக்கொன்றார்கள்.

கிறிஸ்டினாவின் சாவுக்கு வருகிறேன். போர் முடிந்ததும் ஒரு சிறு தொகையோடு அவரை அனுப்பிவிட்டார்கள். ஜார்ஜ் பதக்கமும் பிரான்ஸின் போர்ச்சிலுவையும் வந்தன. நாடு மட்டும் வரவில்லை. போலந்து சோவியத்தின் பிடியில். பிரிட்டிஷ் குடியுரிமை 1946 கடைசியில்தான் கிடைத்தது. கடைசியில் பயணிகள் கப்பலில் பணிப்பெண்ணாகப் போனார். அங்கே உடன் வேலைசெய்த டென்னிஸ் மல்டௌனி என்பவன் விடாமல் பின்தொடர்ந்தான். 1952 ஜூன் 15 அன்று, கென்சிங்டனில் அவர் தங்கியிருந்த விடுதியில் கத்தியால் குத்திக் கொன்றான். அந்த ஆண்டு செப்டம்பரில் அவனைத் தூக்கிலிட்டார்கள். வேண்டாம் என்று சொன்ன ஒரு பெண்ணைப் பின்தொடர்ந்து கொன்றவன் அவன். அவனைக் காதலன் என்று அச்சிடுவது அந்தப் பெண்ணுக்குச் செய்யும் அநியாயம். மன்னிக்கவும், இதை மென்மையாகச் சொல்ல வழியில்லை.

அவர் இறந்தபின் கோவெர்ஸ்கியும் கேமர்ட்ஸும் நண்பர்களும் ஒரு குழுவாகக் கூடி, மலிவான கதைகளிலிருந்து அவர் பெயரைக் காத்தார்கள். இன்று அவர்கள் யாரும் இல்லை. ஒரு பிரபல ஆங்கில உளவு நாவலாசிரியரின் காதலி அவர் என்று அட்டையில் போடுவதற்கு முன், அதற்கு அக்காலத்து ஆதாரம் எதுவும் கிடைத்ததில்லை என்பதைச் சொல்ல உங்கள் அலுவலகத்தில் ஒருவர் வேண்டும்.

பதிப்பாசிரியர் என்ற வேலையே இங்கே மெய்ப்புத் திருத்துபவர் தலையில் விழுந்துவிட்டது. அவருக்கும் பக்கக் கணக்கில்தான் கூலி. ஒற்றுப்பிழை பார்ப்பவரிடம் 1941இல் சிரியா யார் கையில் இருந்தது என்று கேட்பது நியாயமில்லை. சோழர் காலத்து நாவலென்றால் கல்வெட்டைக் காட்டிச் சண்டைபோட வாசகர் இருக்கிறார். ஐரோப்பியக் கதையென்றால் யார் கேட்கப்போகிறார்கள் என்ற நினைப்பு நம் எழுத்தில் ஊறிவிட்டது.

கற்பனையை நிறுத்தச் சொல்லவில்லை. கிறிஸ்டினாவும் கோவெர்ஸ்கியும் சோஃபியா சாலையில் காருக்குள் என்ன பேசினார்கள் என்று எந்த ஆவணமும் சொல்லாது. அதை எழுத நாவலாசிரியர்தான் வேண்டும். ஜெர்மன் காதலன்தான் வேண்டுமென்றால் நாயகிக்கு வேறு பெயர், வேறு ஊர், வேறு சாவு கொடுங்கள், பின்னட்டையில் ‘உண்மைச் சம்பவம்’ போடாதீர்கள். வாழ்ந்தவரின் பெயரும் வாழ்க்கையும்தான் வேண்டுமென்றால், தயவுசெய்து அந்த இரண்டு பக்கத்தைச் சேருங்கள். ஒரு காலவரிசை, மாற்றிய இடங்களின் பட்டியல், புதிதாகச் சேர்த்த பாத்திரங்களின் பெயர்கள், இவ்வளவு போதும். அடுத்த பதிப்பிலிருந்தே தொடங்கலாம். ஏற்கெனவே விற்பனையில் உள்ள பிரதிகளுக்கு ஒரு திருத்தத்தாளை அச்சிட்டு உள்ளே வைக்கலாம். கைப்பிரதியைப் படித்துச் சொல்ல வரலாற்றுத் துறைகளில் ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு உரிய ஊதியம் கொடுத்து, பெயரை நன்றியுரையில் போடுங்கள்.

மேற்சொன்ன நாவலின் இரண்டாம் பதிப்பு வருகிறது என்று கேள்விப்பட்டேன். அது அச்சுக்குப் போகுமுன் இதைப் பரிசீலிக்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வரலாற்று நாவல்களைக் காசு கொடுத்து வாங்கிப் படிக்கும் ஒரு வாசகர்