பயணச் சீட்டும் மதிப்பெண் பட்டியலும்

பாளையங்கோட்டை,
ஏப்ரல் 20.

அன்புமிக்க நண்பர் சுந்தரமூர்த்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நானும் வீட்டாரும் நலம். தங்கள் முழங்கால் வலி குறைந்து, காலை நடையை மீண்டும் தொடங்கிவிட்டீர்கள் என்று அறிந்து நிம்மதி அடைந்தேன். அதைவிடப் பெரிய மகிழ்ச்சி, பேத்தி கயல்விழிக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ் உதவித்தொகை கிடைத்திருக்கும் செய்தி. கல்விக் கட்டணம் கட்ட வேண்டியதில்லை, செலவுக்கு மாதம் 1,400 யூரோ வரும், இரண்டு நாடுகளில் படித்து முதுகலைப் பட்டம் பெறலாம் என்றால், அந்தப் பிள்ளையின் உழைப்புக்கு ஏற்ற பலன்தான். என் ஆசிகளைச் சொல்லுங்கள்.

தங்கள் கடிதத்தில் ஒரு வரி என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது. நம் காலத்தில் வெளிநாட்டுப் படிப்பு மிராசுதார் வீட்டுப் பிள்ளைகளுக்கும் பெரிய டாக்டர்களின் மக்களுக்கும் மட்டுமே வாய்த்தது, இன்றோ திறமை இருந்தால் யாரும் போகலாம் என்று எழுதியிருந்தீர்கள். கயலின் திறமையில் எனக்குக் கடுகளவும் ஐயமில்லை. ஆனால் நம் காலத்திலும் திறமைக்குப் பஞ்சம் இருக்கவில்லை என்பதைத் தாங்களே அறிவீர்கள். வழியை மறித்துக் கிடந்தவை பெரும்பாலும் மிகச் சாதாரணமான காரியங்கள்: ஒரு பயணச் சீட்டுக்கான பணம், ஓர் அலுவலரின் கையெழுத்து, எந்த மேசையிலும் ஏற்க மறுக்கப்பட்ட ஒரு மதிப்பெண் பட்டியல். இவற்றை அகற்றுவதற்கென்றே தங்கள் வாழ்நாளின் நல்ல பகுதியைச் செலவிட்டவர்கள் சிலர் இருந்தார்கள். ஓய்வு பெற்றது முதல் அவர்களைப் பற்றித்தான் தேடிப் படித்துவருகிறேன்; கயல் போகப்போகும் வழியைப் போட்டவர்கள் யார் என்று அவளும் தெரிந்துகொண்டால் நல்லது என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ரோமில் சட்டம் படித்துக்கொண்டிருந்த சோஃபியா கொர்ராடி என்ற இளம்பெண், அமெரிக்க அரசின் ஃபுல்பிரைட் உதவித்தொகையில் நியூயார்க் சென்று, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஒப்பீட்டுச் சட்டத்தில் முதுகலைப் பட்டம் பெற்று 1958இல் ஊர் திரும்பினார். அங்கே எழுதித் தேறிய பாடங்களைத் தம் இத்தாலியப் பட்டப்படிப்பில் கணக்கில் எடுத்துக்கொள்ளும்படி சொந்தப் பல்கலைக்கழக அலுவலகத்தில் விண்ணப்பித்தபோது, அமெரிக்காவில் ஊர்சுற்றிவிட்டு வந்து சலுகை கேட்கிறாயா என்ற தோரணையில், பலர் முன்னிலையில் கடிந்து அனுப்பப்பட்டார். மேலும் ஓராண்டு படித்தே அவர் பட்டம் பெற வேண்டியிருந்தது. நானும் தாங்களும் அந்த இடத்தில் இருந்திருந்தால், பட்டம் கைக்கு வந்ததும் அந்த அவமானத்தை மறந்து நம் வேலையைப் பார்த்திருப்போம். அவர் மறக்கவில்லை. இத்தாலியப் பல்கலைக்கழகத் தலைவர்களின் நிலையான மாநாட்டுக்கு ஆலோசகரானபோது, மாணவர் ஒருவர் முன்கூட்டியே ஒப்புதல் பெற்ற பாடத்திட்டத்தின்படி படிப்பின் ஒரு பகுதியை வெளிநாட்டில் முடித்தால், சொந்தப் பல்கலைக்கழகம் அதை ஏற்க வேண்டும் என்று 1969இல் ஒரு குறிப்பாணை எழுதினார். பிறகு பல ஆண்டுகள் அந்த ஒரே யோசனையைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு கூட்டமாகப் போய்வந்தார்.

அவர் ஒருவரே எல்லாவற்றையும் செய்துவிடவில்லை. பிரசல்ஸில் ஐரோப்பிய ஆணையத்தின் கல்விப் பிரிவில் ஹைவெல் கெரி ஜோன்ஸ் என்ற வேல்ஸ்காரரும் டொமெனிக்கோ லெனார்டூட்சியும் உள்ளிருந்தே பாடுபட்டார்கள். 1976 முதல் பல்கலைக்கழகங்களுக்கிடையே சிறிய அளவில் கூட்டுப் படிப்புத் திட்டங்கள் நடந்தன. கடைசியில் 1987 ஜூனில் அந்த யோசனை எராஸ்மஸ் திட்டமாக நிறைவேறியது. முதல் ஆண்டில் 11 நாடுகளிலிருந்து 3,244 மாணவர்கள் போனார்கள். அந்த அலுவலகத்தில் கொர்ராடி தலைகுனிந்து நின்ற நாளுக்கும் இந்த நாளுக்கும் இடையே ஏறக்குறைய முப்பது ஆண்டுகள். இன்று அந்தத் திட்டத்தில் பயனடைந்தோர் எண்ணிக்கை ஒன்றரைக் கோடியைத் தாண்டிவிட்டது. 2004இல் ஐரோப்பாவுக்கு வெளியே உள்ளவர்களுக்கும் முண்டஸ் என்ற கிளை திறந்தது. அதன் வழியாகத்தான் நம் கயல் போகிறாள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, படிக்கும்போது உலர்ந்த விஷயமாகத் தோன்றும் மதிப்பீட்டு முறை. ஓராண்டுப் படிப்புக்கு 60 புள்ளிகள் என்று பொதுவாக வகுத்து, ஒரு நாட்டில் பெற்ற புள்ளியை இன்னொரு நாட்டுக் கணக்கில் சேர்க்கும் ஏற்பாட்டை 1989 முதல் பரிசோதித்துப் பார்த்தார்கள். 1958இல் அந்த ஏற்பாடு இருந்திருந்தால் ஒரு மாணவியின் ஓராண்டு வீணாகியிருக்காது. கொர்ராடி 2025 அக்டோபரில், 91 வயதில் காலமானார். அவரை எராஸ்மஸின் தாய் என்றே இத்தாலியர்கள் அழைத்துவந்தார்கள்.

கொர்ராடியை அமெரிக்காவுக்கு அனுப்பிய ஃபுல்பிரைட் உதவித்தொகையின் கதையும் சொல்லத்தக்கது. அர்கன்சாஸ் மாநிலத்து செனட்டர் ஃபுல்பிரைட், இளமையில் ரோட்ஸ் உதவித்தொகையில் ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவர். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அமெரிக்கப் படையினர் வெளிநாடுகளில் விட்டுவந்த தளவாடங்களை விற்க வேண்டியிருந்தது. வாங்கும் நாடுகளிடம் டாலர் இல்லை. அந்தந்த நாட்டுப் பணத்திலேயே விலையைப் பெற்று, அங்கேயே மாணவர் பரிமாற்றத்துக்குச் செலவிடலாம் என்று ஒரு சட்டத் திருத்தத்தை ஆரவாரமில்லாமல் கொண்டுவந்து நிறைவேற்றினார். 1946 ஆகஸ்ட் 1ஆம் தேதி அதிபர் ட்ரூமன் அதில் கையெழுத்திட்டார். ஆனால் இதே மனிதர்தான், கறுப்பினப் பிள்ளைகளும் வெள்ளையினப் பிள்ளைகளும் ஒரே பள்ளியில் படிக்க வேண்டும் என்ற தீர்ப்பை எதிர்த்து, 1956இல் தென்மாநில அரசியலாளர்கள் வெளியிட்ட அறிக்கையில் கையொப்பமிட்டார். உலகத்து மாணவர்களுக்குக் கதவைத் திறந்தவர் சொந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு அதை அடைத்து நின்றார் என்பதை நினைக்கும்போதெல்லாம் மனம் கசக்கிறது. அவர் செய்த நன்மையை மறுக்க மாட்டேன்; ஆனால் அவரைக் கொர்ராடியோடு ஒரே வரிசையில் வைக்கவும் என்னால் இயலாது.

அதே ஆண்டுகளில், அதே அமெரிக்காவில், நிறவெறியின் கொடுமையைத் தாங்களே அனுபவித்த கறுப்பின மக்கள், கென்யாவின் பிள்ளைகளுக்காகப் பணம் திரட்டினார்கள். அதற்குக் காரணமாக இருந்தவர் டாம் எம்போயா. சைசல் என்ற கற்றாழை நார் விளையும் தோட்டத்தில் வேலை பார்த்த தந்தைக்கு 1930இல் பிறந்தவர். நைரோபி நகராட்சியில் சுகாதார ஆய்வாளராக இருந்து, தொழிற்சங்கத் தலைவராக உயர்ந்தவர். ஆக்ஸ்ஃபோர்டின் ரஸ்கின் கல்லூரியில் ஓராண்டு படித்தவர். சுதந்திரம் நெருங்கிவந்த கென்யாவில் அப்போது முழுமையான ஒரு பல்கலைக்கழகம்கூடக் கிடையாது. உயர்படிப்பு என்றால் உகாண்டாவின் மகரேரே கல்லூரிக்குப் போக வேண்டும், அல்லது சிலருக்கு மட்டும் கிடைக்கும் பிரிட்டிஷ் உதவித்தொகையை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டும். நாளை நாட்டை நடத்த ஆட்கள் வேண்டுமே என்ற கவலையில், 1959இல் அவர் அமெரிக்கா முழுவதும் சுற்றிக் கல்லூரி கல்லூரியாகப் பேசினார். இடம் தரப் பல கல்லூரிகள் முன்வந்தன, கட்டணத்தையும் தள்ளிவிட்டன. மிச்சமிருந்தது விமானக் கட்டணம். கென்யாவின் விவசாயக் குடும்பம் ஒன்று அந்தத் தொகையைக் கனவிலும் பார்த்திருக்காது.

ஆகவே விமானத்தையே வாடகைக்கு எடுப்பதென்று முடிவு செய்தார்கள். வில்லியம் ஷைன்மன் என்ற வணிகர் துணை நின்றார். பேஸ்பால் வீரர் ஜாக்கி ராபின்சன், பாடகர் ஹாரி பெலஃபான்டே, நடிகர் சிட்னி பாய்ட்டியே ஆகிய மூவரும் கையெழுத்திட்டுப் பொதுமக்களுக்கு வேண்டுகோள் விடுத்தார்கள். நைரோபியில் எம்போயாவும் கிகோன்யோ கியானோவும் கரியுகி ஞிரியும் வந்து குவிந்த விண்ணப்பங்களைப் பார்த்து மாணவர்களைத் தெரிவு செய்தார்கள். ஊர்களில் தேநீர் விருந்து வைத்தும், ஆடு மாடுகளை விற்றும் கைச்செலவுக்குப் பணம் சேர்த்தார்கள். அமெரிக்கப் பட்டம் தரம் குறைந்தது என்று காலனி அரசு முகம் சுளித்தது. அமெரிக்க அரசோ தொடக்கத்தில் உதவ மறுத்தது. 1959 செப்டம்பரில் 81 மாணவர்களோடு முதல் விமானம் நியூயார்க்கில் இறங்கியது. அடுத்த ஆண்டு ஜூலையில் எம்போயா, அதிபர் தேர்தல் வேட்பாளராக இருந்த ஜான் கென்னடியைச் சந்தித்தார். கென்னடி குடும்ப அறக்கட்டளை ஒரு லட்சம் டாலர் வழங்கியது. 1963 வரை கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து ஏறக்குறைய 800 பேர் இந்த வழியாகச் சென்று படித்தார்கள்.

1960இல் அப்படிச் சென்றவர்களில் ஒருவர், கான்சாஸ் மாநிலத்துச் சிற்றூரான அட்சிசனில் கன்னியாஸ்திரீகள் நடத்திய கல்லூரியில் உயிரியல் படித்த வங்காரி மாத்தாய். பிற்காலத்தில் கென்யாவெங்கும் பெண்களைக் கொண்டு மரம் நடச் செய்து 2004இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றவர் இவரே. எம்போயா அதைப் பார்க்கவில்லை. 1969 ஜூலை 5ஆம் தேதி நைரோபித் தெருவில் சுட்டுக் கொல்லப்பட்டபோது அவருக்கு வயது 38. அமைச்சராக, அரசியல்வாதியாக அவரைப் பற்றி மாறுபட்ட கருத்துகள் உண்டு; விண்ணப்பக் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து, எந்தப் பிள்ளைக்கு எந்தக் கல்லூரி என்று பார்த்துப் பார்த்து எழுதிய அந்த மனிதர் மீது எனக்குள்ள மதிப்பு மாறாது.

நம் நாட்டில் பரோடா மன்னர் சயாஜிராவ் கெய்க்வாட் 1913இல் அம்பேத்கருக்கு மாதம் 11.5 பவுன் வீதம் மூன்றாண்டுக்கு உதவித்தொகை கொடுத்துக் கொலம்பியாவுக்கு அனுப்பியது தங்களுக்குத் தெரிந்த வரலாறு. தவணை முடிந்ததால் லண்டன் படிப்பைப் பாதியில் விட்டு 1917இல் அவர் திரும்பியதையும், கல்லூரி வேலையில் சேமித்த பணம், நண்பரிடம் வாங்கிய கடன், கோலாப்பூர் சாகு மகாராஜாவின் உதவி ஆகியவற்றோடு 1920இல் மீண்டும் கப்பலேறியதையும் நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. அந்த அனுபவம் அவரை விட்டுப் போகவில்லை. 1942இல் வைசிராயின் நிர்வாகக் குழுவில் இடம்பெற்றதும், பட்டியல் சாதி மாணவர்களின் உயர்கல்விக்கும் வெளிநாட்டுப் படிப்புக்கும் அரசு பணம் ஒதுக்க வேண்டும் என்று வாதாடினார். விடுதலைக்குப் பின் 1954-55இல் தொடங்கிய தேசிய வெளிநாட்டு உதவித்தொகை இன்றும் நடக்கிறது. நாடு முழுமைக்கும் ஆண்டுக்கு 125 இடங்கள். குடும்ப வருமானம் எட்டு லட்சத்துக்குள் இருக்க வேண்டும். 2022இல் அதன் விதிகளைத் திருத்தி, இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வுகளுக்கு இத்தொகை கிடையாது என்று ஆக்கிவிட்டார்கள். 1916இல் கொலம்பியாவில் அம்பேத்கர் வாசித்தது இந்தியாவில் சாதிகள் தோன்றிய விதம் பற்றிய கட்டுரை. அவர் இன்று விண்ணப்பித்தால் அந்தத் தலைப்பே தடையாக நிற்கும் என்பது எனக்கு ஆறாத வருத்தம்.

இனி இங்குள்ள செய்தி. ஞாயிறுதோறும் காலையில் நூலக வாசிப்பறையில், ஓய்வுபெற்ற நாங்கள் நான்கைந்து பேர் உட்கார்ந்து, வெளிநாட்டுப் படிப்புக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளுக்கு உதவிவருகிறோம். சென்ற மாதம் வந்த மாணவி ஒருத்தியின் தாயார் ஆலங்குளம் பக்கம் பீடி சுற்றுகிறவர். மகளுக்கு நெதர்லாந்தில் இடம் கிடைத்துவிட்டது. ஆறு பருவ மதிப்பெண் பட்டியல்களையும் உறையிலிட்டு, மூடிய மடிப்பின் மீது பாதி உறையிலும் பாதி மடிப்பிலும் விழும்படி முத்திரை குத்தித் தர வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். அவள் படித்த கல்லூரியில் முத்திரையை உறையின் மூலையில் குத்திக் கொடுத்துவிட்டார்கள். மாற்றித் தரும்படி கேட்கப் போனவளை, அந்தக் கையெழுத்துப் போட்டவர் விடுப்பில் இருக்கிறார் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். எங்களில் ஒருவர் கூடவே போய் நின்று வாங்கித் தந்தார். அது தீர்ந்தது. தீராதது கடன். உதவித்தொகை கட்டணத்தில் பாதிக்குத்தான் வருகிறது. நான்கு லட்சம் வரை ஈடு வேண்டாம், ஏழரை லட்சம் வரை பிணையாளர் போதும், அதற்கு மேல் சொத்து ஈடு வேண்டும் என்கிறார்கள். அவர்கள் குடியிருக்கும் வீடு புறம்போக்கில் இருக்கிறது, பட்டா இல்லை.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் வங்கிக் கிளைகளில் இருந்து, எத்தனையோ கல்விக் கடன்களுக்குக் கையெழுத்துப் போட்டவர் தாங்கள். எந்த இடத்தில் விதி உண்மையாகவே கையைக் கட்டுகிறது, எந்த இடத்தில் மேலாளர் மனம் வைத்தால் வழி உண்டு என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. வில்லங்கச் சான்று, மூலப்பத்திரம், பெற்றோரின் வருமானச் சான்று என்று எதை எந்த வரிசையில் கொண்டுபோனால் விண்ணப்பம் திரும்பி வராது என்பதை எளிய தமிழில் இரண்டு பக்கம் எழுதித் தந்தால், அச்சடித்து வாசிப்பறையில் வைத்துவிடுவேன். முடிந்தால் மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தாங்களே நேரில் வந்து அந்தப் பிள்ளைகளோடு உட்காருங்கள். நெல்லை எக்ஸ்பிரஸில் சனி இரவு ஏறினால் காலையில் இறங்கிவிடலாம். நிலையத்துக்கு நான் வந்துவிடுகிறேன். அந்தப் பெண் ஜூன் இரண்டாம் வாரத்துக்குள் முன்பணம் கட்ட வேண்டும் என்பதால், தேதியைச் சீக்கிரம் தெரிவியுங்கள்.

அண்ணியாருக்கு என் வணக்கம்.

என்றும் அன்புடன்,
தங்கள் நண்பன்,
அருணாசலம்