தக்காளிச் சாறு: பாட்டிலைக் கவிழ்த்து வைத்தால் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

தக்காளிச் சாற்றை வீட்டிலேயே பாட்டிலில் அடைத்து வைக்கும் முறை தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்திருந்தது. நோக்கம் நல்லதுதான். பாலக்கோட்டிலும் ஒட்டன்சத்திரத்திலும் ஒரு பருவத்தில் பறிகூலிக்கும் கட்டாத பழம், அடுத்த பருவத்தில் கைக்கு எட்டாது. 2023 ஜூலையில் ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்கு அரசே விற்க வேண்டியிருந்தது. ஆனால் கொதிக்கக் கொதிக்க ஊற்றி, மூடி, கவிழ்த்து வைத்தால் ஆறு மாதம் கெடாது என்று எழுதியிருப்பது ஆபத்தானது.

கவிழ்ப்பதால் மூடியின் உட்புறம் கொஞ்சம் சூடாகும், அவ்வளவே. ஆறும்போது மூடி இறுகுவதைப் பார்த்து நம்பிவிடுகிறோம். காற்றில்லாத அந்த இடம்தான் கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற பாக்டீரியாவுக்கு வசதி. மண்ணில் இருக்கும் இதன் ஸ்போர்கள், அதாவது விதைபோல உறங்கும் வித்துகள், கொதிநீரில் சாவதில்லை. அவை முளைத்து நஞ்சு உண்டாக்காமல் தடுப்பது சாற்றின் புளிப்பு. புளிப்பை அளக்கும் பிஎச் எண் 4.6க்கு மேல் போகக் கூடாது; எண் ஏற ஏறப் புளிப்பு குறையும். தக்காளியோ அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நிற்கிற பழம். ரகம், பழுத்த அளவு எல்லாவற்றுக்கும் தக்கபடி மாறும். நாட்டுத் தக்காளி புளிக்கிறதே என்று நாக்கை நம்பக் கூடாது. பழத்தின் இனிப்பு கூடினால் புளிப்பு மறையும், குறைந்தால் தூக்கலாகத் தெரியும்.

ஆகவே எந்த ரகமானாலும் அமிலம் சேர்த்தே ஆக வேண்டும். லிட்டர் பாட்டிலுக்கு அரைத் தேக்கரண்டி சிட்ரிக் அமிலம், அரை லிட்டருக்குக் கால் தேக்கரண்டி. மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் தருவார்கள். 5 மில்லி அளவுக் கரண்டியால் தலைதட்டி அளக்க வேண்டும். பாத்திரத்தில் மொத்தமாகக் கலக்காமல் ஒவ்வொரு பாட்டிலிலும் தனித்தனியே போடுங்கள். அப்போதுதான் எந்தப் பாட்டிலுக்கும் குறையாது. எலுமிச்சம்பழம் பிழிந்தால் ஆகாதா என்றால், பழத்துக்குப் பழம் புளிப்பு வேறு. புளிக்கரைசலுக்கும் அதே கதை. புளிப்பு தூக்கலாகத் தெரிந்தால் சமைக்கும்போது சிட்டிகை சர்க்கரை போட்டுக்கொள்ளலாம். அமிலத்தைக் குறைக்க வேண்டாம். சோடியம் பென்சோயேட் என்ற பதப்பொருள் போட்டால் இதெல்லாம் வேண்டாம் என்பாரும் உண்டு. அது ஈஸ்ட்டையும் பூஞ்சையையும் தடுக்கும். அமிலத்துக்கும், மூடிய பாட்டிலைக் கொதிநீரில் வைப்பதற்கும் மாற்று ஆகாது.

லிட்டருக்கு ஏறக்குறைய ஒன்றரை கிலோ பழம் பிடிக்கும். அழுகல், பூஞ்சை கண்டதை வெட்டிப் போட்டுவிட்டு மீதியைச் சேர்ப்பது சந்தைச் சிக்கனம். இங்கே உதவாது, பூஞ்சை பழத்தின் புளிப்பையே தின்றுவிடும். காய்ந்துபோன செடியில் தொங்கும் பழமும் வேண்டாம். எவர்சில்வர் பாத்திரம் நல்லது.

எல்லாப் பழத்தையும் நறுக்கிக் குவித்துவிட்டு அடுப்பைப் பற்ற வைப்பதுதான் பலரும் செய்வது. நறுக்கியவுடன் பழத்திலுள்ள நொதிகள், சாற்றைக் கெட்டியாகப் பிடித்து வைக்கும் பெக்டினைச் சிதைக்கத் தொடங்கும்; பாட்டிலில் மேலே தெளிநீர், கீழே சக்கை என்று பிரியும். முதலில் அரை கிலோவை மட்டும் நறுக்கி உடனே கொதிக்க விட்டு மசியுங்கள். கொதி அடங்காதபடி மீதியைக் கொஞ்சம் கொஞ்சமாக நறுக்கிச் சேர்த்து, கடைசியில் 5 நிமிடம் கொதித்ததும் வடிகட்டுங்கள். பிரிந்த சாறு கெட்டது அல்ல, குலுக்கினால் சேரும். பார்க்கத்தான் நன்றாக இராது.

வடித்த சாற்றை மறுபடி கொதிக்க விட்டு, சுடுநீரில் கிடந்த கண்ணாடிப் பாட்டிலில் மேலே அரை அங்குலம் விட்டு ஊற்றுங்கள். வாயைத் துடைத்து, உள்ளே ரப்பர் வளையம் உள்ள புது மூடியால் மூடுங்கள். பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் மூடி இறுகாது. அண்டாவின் அடியில் தட்டோ மடித்த துணியோ போட்டு, பாட்டில்களை வைத்து, மூடிக்கு மேல் ஓர் அங்குலம் சுடுநீர் நிற்க வேண்டும். நீர் தளதளவெனக் கொதித்த பிறகே நேரக் கணக்கு தொடங்கும்.

சென்னை, மதுரை போன்ற தாழ்வான ஊர்களில் லிட்டர் பாட்டிலுக்கு 40 நிமிடம். கடல்மட்டத்துக்கு மேல் ஆயிரம் அடி தாண்டிய கோவை, தருமபுரியில் 45. ஏற்காட்டில் 50. ஊட்டி, கொடைக்கானலில் 55. அங்கே நீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடுவதால் கூடுதல் நேரம். இது அமெரிக்க வேளாண் துறையின் அட்டவணைப்படி. அரை லிட்டர் பாட்டிலுக்கும் லிட்டர் நேரத்தையே கொடுங்கள். பிரஷர் குக்கரில் இரண்டு விசில் என்பது கணக்கில் சேராது. விசிலை வைத்து உள்ளே எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம் நின்றது என்று சொல்ல முடியாது.

எடுத்ததும் சில்லென்ற கல்தரையில் வைத்தால் பாட்டில் விரிசல் விடும். துணிமேல் இடைவெளி விட்டு நேராக வையுங்கள். மறுநாள் மூடியின் நடுவை அழுத்துங்கள். டக்கென்று ஏறி இறங்கினால் அடைபடவில்லை. குளிர்பெட்டியில் வைத்துச் சில நாளில் தீர்த்துவிடுங்கள். நன்றாக அடைபட்டது வெயில் படாத அலமாரியில் ஓராண்டு வரை இருக்கும். மூடி உப்பியிருந்தாலோ, திறக்கும்போது சீறினாலோ ருசி பார்க்காமல் கொட்டிவிட வேண்டும். அமிலம் அளக்காமல் ஏற்கெனவே அடைத்து வைத்திருப்பவர்களும் அதைக் கொட்டிவிடுவதே நல்லது. பொட்டுலினம் நஞ்சு வாசனையோ நிறமோ காட்ட வேண்டும் என்பதில்லை.

இந்தக் கணக்கு வெறும் தக்காளிச் சாற்றுக்கு மட்டும். உப்பு சேர்க்கலாம். வெங்காயம், பூண்டு, கொத்தமல்லி சேர்ந்தால் புளிப்பு இறங்கிவிடும். அவற்றைப் பாட்டிலைத் திறந்து சமைக்கும்போது சேர்த்துக்கொள்ளுங்கள். எண்ணெயில் தாளித்த தொக்கைக் குளிர்பெட்டியில்தான் வைக்க வேண்டும்.

இப்படிக்கு,
உணவுப் பதப்படுத்தல் பயிற்றுநர்,
தருமபுரி