நிச்சயதார்த்தத்துக்கு ஏன் வரவில்லை

கடலூர்,
கார்த்திகை 5

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் வந்தது. அதில் ஒரு வரிகூடக் கோபம் இல்லை. அதுதான் எனக்கு வலித்தது. உன் மூத்த மகள் நிச்சயதார்த்தத்துக்கு வராததற்குக் காரணமாக "வண்டி சரியில்லை" என்று போனில் ஒரு வார்த்தை சொல்லி வைத்துவிட்டேன். முழுசாகச் சொன்னால்தான் எனக்கு மனசு ஆறும்.

அம்மாவைக் கூட்டிக்கொண்டு அம்பாசிடரில் திருச்சி வருவதாகத்தான் இருந்தோம். அம்மாவுக்கு 78 ஆகிறது. பஸ் படி ஏற முடியாது, தாழ்ந்த சீட்டு உள்ள கார்களில் உட்கார்ந்து எழுந்தால் இடுப்பு பிடித்துக்கொள்கிறது. அப்பா 1996-ல் வாங்கிய இந்த டீசல் வண்டியில் மட்டும்தான் கஷ்டமில்லாமல் ஏறி இறங்குகிறார். கிளம்பப் பத்து நாள் இருக்கும்போது வண்டியைக் கழுவிவிட்டுப் பின்னால் தள்ளி நின்று பார்த்தேன். இடது பக்கம் தாழ்ந்த மாதிரி இருந்தது. சமதரையில் நிறுத்தி, சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டு விளிம்புவரை டேப் வைத்து அளந்தேன். வலதுக்கும் இடதுக்கும் ஒன்றேகால் அங்குலம் வித்தியாசம்.

2024 டிசம்பரில் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்து எங்கள் உப்பலவாடிப் பக்கம் புகுந்தபோது இந்த வண்டி சக்கரம் முங்க நின்றது உனக்குத் தெரியும். அப்போது எஞ்சின் ஆயில், கியர் ஆயில் எல்லாம் மாற்றினேன், பிரேக் டிரம்மைக் கழற்றிச் சுத்தம் செய்தேன். பின்னால் வண்டியின் பாரத்தைத் தாங்கும், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய வில் பட்டைகளை மட்டும் பார்க்கவில்லை. பட்டைகளுக்கு நடுவே புகுந்த சேறு ஈரத்தை விடாது. அதோடு நம் ஊர் உப்புக்காற்றும் சேர்ந்தால் இரும்பு எத்தனை நாள் தாங்கும்?

ஒரு பட்டறையில் விசாரித்தேன். அடியில் குனிந்துகூடப் பார்க்காமல், "இடது பக்கம் ஒரு பட்டை கூடுதலா வச்சா தூக்கிடும் சார்" என்றார்கள். தூக்கும்தான். ஆனால் ஏன் தாழ்ந்தது என்று யார் பார்ப்பது? வீட்டிலேயே கழற்றுவது என்று முடிவு செய்தேன்.

முன்சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கல் முட்டுக் கொடுத்து, பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, பாடிக்கு அடியில் இரும்பு ஸ்டாண்டு வைத்தேன். பக்கத்தில் பலாக்கட்டைகளையும் அடுக்கினேன். 2011-ல் தானே புயல் அடித்தபோது பண்ருட்டி மாமா தோப்பில் சாய்ந்த மரம் அது. அன்றைக்கு அவர் அழுதது இன்னும் கண்ணில் நிற்கிறது. வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் கையைக்கூட நீட்டாதே என்று ஐ.டி.ஐ.யில் வாத்தியார் நம் இருவருக்கும் சொன்னதை நான் ஒருநாளும் மீறியதில்லை.

பட்டைக்கட்டை அச்சோடு சேர்த்து இறுக்கும் யூ போல்ட் நட்டுகள் ஒரு மணி நேரத்தில் வந்துவிட்டன. அங்குல அளவு ரிங் ஸ்பேனர் அப்பாவுடையது, அப்படியே கச்சிதமாக உட்கார்ந்தது. மாட்டிக்கொண்டது முன் கண்ணில், அதாவது பட்டையின் முன்நுனி வளையத்தில், இருக்கும் போல்ட்டு. அதிலுள்ள ரப்பர் புஷ்ஷுக்குள் இருக்கும் இரும்புக் குழாயும் போல்ட்டும் துருப்பிடித்து ஒன்றாகிவிட்டிருந்தன. காஸ் வைத்துச் சூடு பண்ணினால் சுலபம் என்றார் பக்கத்து வீட்டுத் தம்பி. ரப்பர் எரியும், பின்னால் டீசல் டேங்க் வேறு இருக்கிறது, வேண்டாம் என்றேன். இரண்டு நாள் காலையும் மாலையும் துரு இளக்கும் எண்ணெய் அடித்தேன். அசையவில்லை. மூன்றாம் நாள் ஹாக்சா பிளேடால் இரண்டு பக்கமும் அறுத்தேன். நாலு பிளேடு போனது.

பட்டைக்கட்டு கீழே இறங்கியதும் என் பெண்தான் டார்ச் அடித்துப் பார்த்தாள். "அப்பா, இது கீறலா, கோடா?" என்றாள். முன் கண்ணை ஒட்டி, பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கும் கிளிப்பு மறைத்துக்கொண்டிருந்த இடத்தில் மெயின் பட்டை பாதி அகலத்துக்கு வெடித்திருந்தது. உனக்கு விளக்க வேண்டியதில்லை. சக்கரம் வண்டியைத் தள்ளுவதும், பிரேக் பிடிக்கும்போது அச்சை இழுத்துப் பிடிப்பதும் அந்த ஒரு பட்டைதான். உளுந்தூர்பேட்டை தாண்டி நாலுவழிச் சாலையில் அது முறிந்திருந்தால் அச்சு ஒரு பக்கமாக ஓடியிருக்கும். பின்சீட்டில் அம்மா. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

உத்தரபாரா தொழிற்சாலையில் 2014-லேயே அம்பாசிடர் உற்பத்தி நின்றுபோனதால் சாமான் தேடி அலைய வேண்டியிருந்தது. கடைசியில் பாண்டியில் பழைய ஸ்பேர் பார்ட்ஸ் கடை ஒன்றில் இரண்டு பக்கத்துக்கும் புதுப் பட்டைக்கட்டு கிடைத்தது. ஒன்றை மட்டும் மாற்றினால் வண்டி ஒருபக்கம் சாய்ந்தே நிற்கும். பட்டையின் பின்நுனியைப் பாடியோடு இணைக்கும் ஷேக்கிளின் புஷ், ஷாக் அப்சார்பர், யூ போல்ட் எல்லாமே புதுசு. ஒருமுறை இழுபட்ட யூ போல்ட்டைத் திரும்பப் போட எனக்கு மனசு வராது. பட்டைகளை நடுவில் கோக்கும் சென்டர் போல்ட்டின் தலை அச்சின் குழியில் சரியாக உட்கார்ந்ததை விரலால் தடவிப் பார்த்த பிறகுதான் நட்டைத் தொட்டேன்.

கண் போல்ட்டையும் ஷேக்கிளையும் கையிறுக்கத்தோடு விட்டுவிட்டு, வண்டியைத் தரையில் இறக்கி, நாலு தடவை அமுக்கி ஆட்டிய பிறகுதான் முழுசாக இறுக்கினேன். அச்சு தொங்கும்போதே இறுக்கிவிட்டால் ரப்பர் அந்த நிலையில் பிடித்துக்கொள்ளும். வண்டி இறங்கியதும் முறுக்கிக்கொண்டே கிடந்து சீக்கிரம் கிழியும். பட்டறைகளில் அவசரத்தில் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். புதுப் புஷ் ஆறு மாதத்தில் போய்விட்டது என்று அப்புறம் சாமான்மேல் பழி போடுவார்கள்.

இதெல்லாம் முடிந்து நிமிர்ந்தபோது உன் வீட்டு நிச்சயதார்த்தம் முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. வாடகைக் காரில் வந்திருக்கலாமே என்று தங்கச்சி கேட்டது நியாயம்தான். சக்கரம் கழற்றிய வண்டியைத் திறந்த கொட்டகையில் ஐப்பசி மழையில் விட்டுவிட்டு வர எனக்குத் தைரியம் இல்லை. அது என் தப்பு, பொறுத்துக்கொள்.

புது யூ போல்ட்டுகளை 300 கிலோமீட்டர் ஓட்டிய பிறகு மறுபடி இறுக்க வேண்டும். பாண்டிக்குப் போக வர 44. ஏழு தடவை போனால் கணக்கு சரியாகிவிடும். நேற்று நாலாவது தடவை. அம்மாவை மணக்குள விநாயகர் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். ரெட்டிச்சாவடி தாண்டும்போது, "ரோடு போட்டுட்டாங்களாடா?" என்று கேட்டார். ரோடு பழைய ரோடுதான்.

தையில் கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்னாலேயே வந்துவிடுகிறோம். பெண்ணை மண்டபத்துக்கு இந்த வண்டியிலேயே அழைத்துப் போக உனக்குச் சம்மதமா, தங்கச்சியிடம் கேட்டு எழுது. அம்மா கேட்கச் சொன்னார்.

அன்புடன்,
உன் மச்சான்