டெர்சியாவின் அச்சம் மூடநம்பிக்கை அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காப்ரியேல் மார்ட்டின்ஸ் இயக்கி 2022இல் வெளிவந்த ‘மார்ஸ் ஒன்’ என்னும் பிரேசில் படத்துக்குச் சென்ற இதழில் ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள், மகிழ்ச்சியோடு படித்தேன். ஆனால் செவ்வாய்க் கோளுக்குப் போகத் துடிக்கும் சிறுவன் டெய்வின்யோவையும், அவனைக் கால்பந்து வீரனாக்கிவிடத் தவிக்கும் தந்தை வெலிங்டனையும் பற்றி விரிவாக எழுதிய விமர்சகர், தாய் டெர்சியாவை மூடநம்பிக்கை கொண்ட பெண் என்று ஒரே வரியில் கடந்துவிட்டார். அந்த வரி எனக்கு மிகுந்த வருத்தம் தந்தது.

டெர்சியா பிறர் வீடுகளைத் துப்புரவு செய்து சம்பாதிப்பவள். ஒரு நாள் உணவகத்தில் அவள் கண்ணெதிரே குண்டு வெடிக்கிறது. தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காக நடத்திய விளையாட்டு அது என்று பிறகு சொல்கிறார்கள். படம் பிடித்தவர்களுக்கு விஷயம் அத்துடன் முடிந்துபோகிறது. அவளுக்கோ அன்றிலிருந்து உறக்கம் இல்லை. தன்னைச் சுற்றி நேரும் கெடுதல்களுக்கெல்லாம் தன்னைப் பிடித்துக்கொண்ட ஏதோ ஒரு தோஷமே காரணம் என்று அஞ்சத் தொடங்குகிறாள்.

இந்த அச்சத்தை எடைபோடும்போது கதை நடக்கும் காலத்தை மறக்கக் கூடாது. 2018 அக்டோபரில் தீவிர வலதுசாரித் தலைவர் ஜெயிர் போல்சனாரோ பிரேசில் அதிபர் தேர்தலில் வென்ற வேளையில்தான் படம் தொடங்குகிறது. மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தின் கொன்டாஜெம் நகரில் வாழும் அந்தக் கறுப்பினக் குடும்பத்தை வைத்துக்கொண்டு இயக்குநர் அரசியல் பிரசங்கம் எதுவும் செய்யவில்லை. வெளியே மாறிவிட்ட காற்றை அவர் டெர்சியாவின் உறக்கமற்ற இரவுகளில் காட்டுகிறார் என்றே நான் கருதுகிறேன். மகனுக்கு வானம் இருக்கிறது; சட்டம் படிக்கும் மகள் யூனிஸுக்குத் தான் நேசிக்கும் பெண்ணோடு தனி வீட்டில் வாழும் ஆசை இருக்கிறது; குடியை விட்டு நாள்களை எண்ணிக்கொண்டிருக்கும் கணவனுக்கு க்ருசெய்ரோ கால்பந்து அணி இருக்கிறது. இவர்கள் மூவரின் கவலையையும் சேர்த்துச் சுமப்பவளுக்கு, மனம் அடங்கிக் கண்ணயரும் ஓர் இரவே பெருங்கனவாகிவிடுகிறது. ரெஜானி ஃபாரியா இதைப் பெரும்பாலும் வசனமின்றி, முகத்தாலேயே உணர்த்துகிறார். அவர் பெயர்கூட விமர்சனத்தில் இல்லை.

இன்னொன்றையும் குறிப்பிட வேண்டும். சிறுவன் நம்பியிருக்கும் செவ்வாய்ப் பயணத் திட்டம் கற்பனையன்று; நெதர்லாந்தில் உண்மையாகவே தொடங்கப்பட்டு, அதை நடத்திய நிறுவனம் 2019 ஜனவரியில் திவாலானது. அதே மாதம், புதிய அரசு பிரேசிலின் பண்பாட்டு அமைச்சகத்தைக் கலைத்தது. 2023இல்தான் அது மீண்டும் அமைக்கப்பட்டது. கறுப்பின இயக்குநர்களுக்கென 2016இல் அறிவிக்கப்பட்ட அரசு நிதியுதவியால் உருவான படம் இது என்பதை இதனுடன் சேர்த்துப் பார்த்தால், எத்தகைய கதவு மூடப்படும் தறுவாயில் இந்தக் குடும்பம் திரைக்கு வந்து சேர்ந்தது என்பது விளங்கும்.

இந்தப் படத்தைத் தயாரித்த ஃபில்மெஸ் டி பிளாஸ்டிகோ, 2009இல் கொன்டாஜெமில் நண்பர்கள் சிலர் கூடித் தொடங்கிய நிறுவனம். அவர்களுடைய மற்றப் படங்களைப் பற்றியும் வரும் இதழ்களில் எழுதச் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
திண்டுக்கல்