பாய்லரை மாற்றுமுன்

தக்கலை
ஐப்பசி 20

அன்புள்ள ராஜன்,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே மழை விட்டபாடில்லை. ரப்பர் வெட்டு பாதி நாள் நின்றுபோகிறது. மார்கழியில் அம்மா பிரிட்டனுக்கு உன்னிடம் வரப்போகிறார்கள் என்று தங்கச்சி சொன்னாள். அவர்களுக்கென்று நீ ஒதுக்கிய கீழ் அறைதான் சூடாகவில்லையாம், வந்து பார்த்தவர் வீட்டைச் சூடாக்கும் பாய்லரையே மாற்றச் சொன்னாராம். அவசரப்படாதே மக்கா. மாடி ரேடியேட்டர், அதாவது வெந்நீர் ஓடி அறையைச் சூடாக்கும் அந்தச் சுவர்த் தகடு, கை வைக்க முடியாதபடி சுடுகிறது என்றால் பாய்லர் தன் வேலையைச் செய்கிறது. குறை தண்ணீர் ஓடும் வழியில் இருக்கிறது.

உன்னுடையது காம்பி பாய்லர், ரேடியேட்டருக்கும் குளியல் வெந்நீருக்கும் தொட்டி இல்லாமல் ஒரே பெட்டி. கேஸ் எரிந்து தண்ணீரைச் சூடாக்கும், பம்ப் அதை ரேடியேட்டர்களுக்குத் தள்ளும், சூட்டை விட்டுவிட்டு அதே தண்ணீர் திரும்பி வரும். குளிக்கக் குழாயைத் திறந்தால் உள்ளே டைவர்ட்டர் வால்வு திரும்பி, அந்த வெந்நீருக்கு முதலிடம் கொடுக்கும். அது சிக்கினால் குழாயில் வெந்நீர் வரும், ஒரு ரேடியேட்டரும் சுடாது. உனக்கு அந்தச் சிக்கல் இல்லை.

கீழ் அறை ரேடியேட்டரைத் தொட்டுப் பார். மேலே குளிர்ந்து கீழே சுட்டால் உள்ளே காற்று. மேலே சுட்டு, அடியில் நடுப்பாகம் குளிர்ந்தால் கசடு: இரும்பு அரித்து வரும் கறுப்புச் சேறு. முழுக்கவே குளிர்ந்திருந்தால் முதல் சந்தேகம், ரேடியேட்டரின் ஒரு முனையில் சூட்டைக் கூட்டிக் குறைக்கும், 1 முதல் 5 வரை எண் போட்ட வால்வின்மேல்தான். கோடையெல்லாம் மூடிக் கிடந்தால் அதன் ஊசி இறுகிவிடும். தலைப்பகுதியைக் கழற்று, நடுவில் சிறு ஊசி தெரியும். ஸ்பானரின் தட்டைப் பக்கத்தால் மெல்ல அழுத்து. இரண்டு மூன்று மில்லிமீட்டர் உள்ளே போய், விட்டதும் மேலே எழும்ப வேண்டும். எழும்பவில்லை என்றால் மெல்லத் தட்டிக்கொடு. குறடால் பிடித்து இழுக்காதே, கையோடு வந்துவிட்டால் தரையெல்லாம் கறுப்புத் தண்ணீர்தான்.

காற்றுதான் என்றால் பாய்லரை அணைத்து ஆறவிடு. ரேடியேட்டரின் மேல் ஓரத்துத் திருகைச் சாவியால் அரைச்சுற்று திருப்பு, கீழே துணி பிடி. சீறல் நின்று தண்ணீர் வந்ததும் மூடு. காற்று போன அளவுக்கு அழுத்தம் குறையும். பாய்லருக்கு அடியில் உள்ள நிரப்புக் குழாயைத் திறந்து, குளிர்ந்த நிலையில் அழுத்த முள் 1.2 பார் (அழுத்தத்தின் அளவு) காட்டியதும் இறுக மூடு.

ஊசியும் சரி, காற்றும் இல்லை என்றால் பங்கீட்டுக் குறை. பேச்சிப்பாறைக் கால்வாயில் மேல்மடைக்காரர்கள் மடையைத் திறந்தே போட்டால் கடைமடை வயல் காயுமே, அதே கதை. ரேடியேட்டரின் மறுமுனையில் மூடி போட்ட ஒரு வால்வு உண்டு, லாக்‌ஷீல்டு என்பார்கள். எண் போட்ட வால்வுகளை எல்லாம் முழுக்கத் திற. சீக்கிரம் சுடுகிற மாடி ரேடியேட்டர்களில் லாக்‌ஷீல்டை மூடிவிட்டு, கால் சுற்று மட்டும் திற. கீழ் அறையில் முழுக்கத் திற. ஒவ்வொன்றிலும் உள்ளே போகும் குழாய்க்கும் வெளியே வரும் குழாய்க்கும் சூட்டு வித்தியாசம் 11, 12 டிகிரி வரும்வரை கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்து. ஒவ்வொரு திருத்தத்துக்கும் கால் மணி நேரம் பொறு. பொறுமை கேட்கிற வேலை, ஆனால் காசு செலவில்லை.

வாரத்துக்கொரு முறை அழுத்தம் இறங்குகிறது, நிரப்புகிறேன் என்று சாதாரணமாக எழுதிவிட்டாய். எனக்கு அதுதான் கவலை. புதுத் தண்ணீரோடு புது ஆக்சிஜன் உள்ளே போகிறது, இரும்பு அரிக்கிறது, கசடு சேர்கிறது. ஒன்று, எங்கோ கசிவு. இல்லையென்றால் விரிவுக் கலனில் காற்று இறங்கியிருக்கும். சூடாகி விரியும் தண்ணீருக்கு இடம் தருவது அந்தக் கலன். காற்று இல்லாவிட்டால் எரியும்போது அழுத்தம் 3 பார் தொட்டு, பாதுகாப்பு வால்வு தண்ணீரை வெளியே கொட்டும். ஆறியதும் முள் அடியில் கிடக்கும். அந்தத் தண்ணீர் வெளியேற வெளிச்சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் செம்புக் குழாய் நனைந்திருக்கிறதா பார். கலனைச் சரிசெய்வது பாய்லர் விலையில் சிறு பங்குதான். ஆனால் பாய்லர் மூடியை நீ திறக்காதே. அதற்கு கேஸ் சேஃப் பதிவு, அதாவது அங்கே கேஸ் வேலை செய்யத் தேவையான பதிவு, உள்ளவர் வேண்டும். அவரிடமே கசடைக் கழுவி, அரிப்புத் தடுப்பு மருந்து ஊற்றி, காந்த வடிகட்டி ஒன்றும் போடச் சொல்.

ஹீட் பம்ப் பற்றிக் கேட்டிருந்தாய், வெளியிலுள்ள சூட்டை இழுத்து வீட்டுக்குள் தரும் மின்கருவி அது. 1 யூனிட் மின்சாரத்துக்கு 3 யூனிட் அளவுக்குச் சூடு தரும், நல்ல பொருள். ஆனால் அது 35 முதல் 50 டிகிரித் தண்ணீரில்தான் சிக்கனமாக ஓடும், ஆகவே பெரிய ரேடியேட்டரோ தரையடிக் குழாயோ வேண்டும். வெந்நீர்த் தொட்டி வைக்க இடமும் வேண்டும். காம்பி வீட்டில் அந்த இடம் பெரும்பாலும் இருக்காது. கோபன்ஹேகனில் பெரும்பாலான வீடுகளுக்குப் பொது நிலையத்திலிருந்தே தெருவடியில் வெந்நீர் வந்துவிடும், அமெரிக்காவில் பல வீடுகளில் சூடான காற்றைக் குழல் வழியே ஊதுவார்கள். உனக்கு அவை இரண்டும் இல்லை. ஒன்று செய்: கடுங்குளிர் வாரத்தில் பாய்லரின் வெப்ப அளவை 50-க்கு இறக்கிப் பார். வீடு கதகதப்பாக இருந்தால் ஹீட் பம்ப்புக்கும் தயார். எப்படியும் 70, 75-இல் ஓட்டாதே. திரும்பி வரும் தண்ணீர் 55-க்குக் கீழே இருந்தால்தான் புகையிலுள்ள நீராவி குளிர்ந்து தன் சூட்டையும் தரும், கேஸ் மிச்சமாகும்.

பனி உறையும் நாளில் பாய்லர் களகளவென்று சத்தமிட்டு நின்றால், புகையிலிருந்து குளிர்ந்து வரும் அந்த நீர் வடியும் பிளாஸ்டிக் குழாய் வெளியே உறைந்திருக்கக் கூடும். இளஞ்சூட்டு நீர் ஊற்று, கொதிநீர் வேண்டாம். பாய்லர் இருக்கும் அறையில் கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லையென்றால் இன்றைக்கே வாங்கு.

அழுத்த முள்ளை இரண்டு படம் எடுத்து அனுப்பு: காலையில் எரியுமுன் ஒன்று, எரிந்து அரை மணி கழித்து ஒன்று. பார்த்துவிட்டுச் சொல்கிறேன். அதுவரை அந்த ஆளுக்கு முன்பணம் கொடுக்காதே.

அன்புடன்,
தங்கதுரை