சனிக்கிழமை சிமுலேஷன் பயிற்சி: புது ஆய்வு மாணவர்கள் கவனத்துக்கு

எல்லோருக்கும் வணக்கம். இந்தச் சனிக்கிழமை காலை 10 மணிக்கு நம் வயர்லெஸ் லேபில் கூடுகிறோம். முதலாண்டு பிஎச்டி மாணவர்கள் கட்டாயம் வந்துவிடுங்கள். சீனியர்கள் இரண்டு பேராவது கூட இருந்தால் நல்லது.

அன்றைக்கு ஒரே வேலைதான்: பிபிஎஸ்கே (0, 1 பிட்களை அலையின் இரண்டு எதிரெதிர் கட்டங்களாக அனுப்பும் முறை) சிக்னலில் இரைச்சலைக் கலந்து, பிட் பிழை விகிதத்தை, அதாவது அனுப்பிய பிட்களில் எவ்வளவு பங்கு தவறாக வருகிறது என்பதை, வரைவது. பார்க்க எளிதுதான். ஆனால் போன வாரம் வந்த ஒரு வரைபடத்தில் சிக்னல்-இரைச்சல் விகிதம் (ஒரு பிட்டின் ஆற்றலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம், Eb/N0) 8 டெசிபலைத் தாண்டியதும் கோடு அறுந்து நின்றது. ஓட்டியது வெறும் 10,000 பிட்கள். லட்சத்துக்கு ஒரு பிழை என்று உறுதியாகச் சொல்ல, 100 பிழைகளாவது எண்ணியிருக்க வேண்டும். அதற்கு 1 கோடி பிட்கள் ஓட வேண்டும். பிழை திருத்தக் குறியீடு சேர்க்காத பிபிஎஸ்கேவுக்கு அந்தப் புள்ளி 9.6 டெசிபல் பக்கம் விழும். உங்கள் கோடு அதைவிட நன்றாக வந்தால் சந்தோஷப்படாதீர்கள், இரைச்சல் அளவைத் திரும்பப் பாருங்கள். மாறாக, இரைச்சல் அளவை (N0) 2-ஆல் வகுக்க மறந்தால் கோடு 3 டெசிபல் மோசமான பக்கம் தள்ளிப்போகும். நானும் இதில் ஒரு வாரம் தவித்திருக்கிறேன்.

மேட்லாப் மென்பொருள் இல்லாதவர்கள் அதற்குப் பதிலாக ஆக்டேவ் அல்லது பைத்தான் போட்டு லேப்டாப் கொண்டு வாருங்கள். அப்புறம், வர முடியாதவர்கள் வெள்ளி மாலைக்குள் இங்கேயே சொல்லிவிடுங்கள்.