எங்கள் மகளோடு நின்றவர்களுக்கு நன்றி மடல்

அன்புடையீர்,

வணக்கம். எங்கள் மகள் பன்னிரண்டாம் வகுப்பை முடித்து இந்த மாதம் கல்லூரியில் சேர்கிறாள். 2016-ஆம் ஆண்டு, ஏழாவது வயதில், அவளுக்கு முதல்வகை நீரிழிவு என்று தெரியவந்த நாள் முதல் எங்களைத் தாங்கிய உங்களுக்கு நேரில் சொல்லித் தீராத நன்றியை இங்கே எழுதுகிறேன்.

கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை உடலின் எதிர்ப்பாற்றலே அழித்துவிடுவதால் வருவது இந்த நோய். மிட்டாய் தின்றதால் வந்தது என்று சொன்னவர்கள் பலர். அந்தப் பேச்சு குழந்தையின் காதில் விழாமல் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டு மைனியை முதலில் நினைக்கிறேன்.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் அடித்து, பல நாட்கள் மின்சாரம் இல்லாமல் போனபோது, குளிர்சாதனப் பெட்டியில் இருந்த இன்சுலினை எப்படிக் காப்பது என்று கைபிசைந்து நின்றோம். ஐஸ் கட்டிக்குள் வைக்கப்போன என்னை, உறைந்தால் மருந்து கெட்டுவிடும் என்று தடுத்தவர் எங்கள் தெருவில் வசிக்கும் ஓய்வுபெற்ற செவிலியர் அக்கா. பெரிய மண்பானைக்குள் ஈரமணல் பரப்பி, அதன் நடுவே சிறிய பானையை இறக்கி, மருந்தைப் பாலித்தீன் உறையில் கட்டி உள்ளே வைத்து, வாயை ஈரத்துணியால் மூடித் தந்தார். சொந்த வீட்டு ஓடு பறந்து கிடந்த நேரத்திலும் மணலை நனைக்கக் காலையும் மாலையும் வந்தார்.

ஊசியும் விரல்நுனியில் குத்துவதும் அவளுக்குப் பழகிவிட்டன, ஒதுக்கப்படுவது பழகவில்லை. முதலில் படித்த பள்ளியில், மயங்கி விழுந்தால் யார் பொறுப்பு என்று கேட்டு, விளையாட்டு வகுப்புதோறும் அவளை மாடிப்படியில் உட்காரவைத்தார்கள். அடுத்த பள்ளியின் உடற்கல்வி ஆசிரியை, என்னைக் கூப்பிட்டுக் குளுக்கோமீட்டரைப் பிடிக்கக் கற்றுக்கொண்டு, தம் சட்டைப்பையில் குளுக்கோஸ் பொட்டலத்தோடு மைதானத்தில் நின்று, அவளை ஓடவிட்டார். ஆசிரியை அம்மா, அன்று மாலை அவள் முழங்காலில் சிராய்ப்போடு வீடு வந்தபோது நான் அழுதது மகிழ்ச்சியால்தான்.

மாத்தூர் தொட்டிப்பாலத்துக்குச் சுற்றுலா சென்ற அன்று, பாலத்தின் பாதி வழியில் கை நடுங்கிச் சர்க்கரை அளவு 64-க்கு இறங்கியதும், தோழியர் ஐவரும் அவளைச் சுற்றி அங்கேயே அமர்ந்து குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்து, பதினைந்து நிமிடம் காத்திருந்து மறுபடி சோதித்து, அளவு ஏறியபின் ஆளுக்கொரு மட்டிப்பழம் உரித்துத் தின்றிருக்கிறார்கள். நோயாளிக்குத் துணையிருந்ததாக அவர்களுக்குத் தோன்றவே இல்லை. பாலத்தில் உட்கார்ந்து பழம் தின்ற கதையாகத்தான் என்னிடம் சொன்னார்கள். பிள்ளைகளே, அதற்காகவே உங்களுக்குத் தனியாக நன்றி.

அந்த மண்பானைகள் எங்கள் வீட்டில் பத்திரமாக இருக்கின்றன. இந்த நோய் புதிதாகத் தெரியவந்த குழந்தையின் பெற்றோர் யாரேனும் உங்களுக்குத் தெரிந்தவர்களாக இருந்தால், தயங்காமல் எங்கள் வீட்டுக்கு அனுப்பிவையுங்கள்.

நன்றியுடன்,
ஒரு தாய்,
தக்கலை